எண்ணூர் முகத்துவாரத்து உப்பை அளக்க: வளையமா, இரட்டைக் கையா?

வடசென்னையில் திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிய தெரு ஒன்றில் இருக்கும் எங்கள் கல்லூரியில், இறுதியாண்டு மாணவர் ஐவரும் நானும் சேர்ந்து ஒரு சிலிக்கான் ஒளியியல் சிப்பை வரைந்துகொண்டிருக்கிறோம். பலருடைய வரைபடங்களை ஒரே சிலிக்கான் தட்டில் சேர்த்து அச்சிட்டு, செலவைப் பகிர்ந்துகொள்ளும் முறையில் அது வெளிநாட்டு ஆலை ஒன்றுக்குப் போகும். சிப்புக்கு வேலை ஒன்றுதான்: தன்மேல் விடப்படும் தண்ணீரில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்பதை ஒளியைக் கொண்டு சொல்ல வேண்டும். தண்ணீர் எண்ணூர் முகத்துவாரத்திலிருந்தும், கத்திவாக்கம், மணலிப் பக்கத்து போர் குழாய்களிலிருந்தும் பாட்டிலில் வரும். இந்த ஒரு வேலைக்கு நாங்கள் எதிரெதிராக வைத்துப் பார்த்த வழிகளையும், எதை எதற்காக விட்டோம் என்பதையும் இங்கே எழுதுகிறேன். முதல் சிப்பை வரையப்போகும் பிற சிறு குழுக்களுக்கும் இதே தேர்வுகள் வேறு உருவில் வந்தே தீரும்.

முதலில் ஒரு நேர்மையான ஒப்புதல். உப்பை மட்டும் அளப்பதுதான் நோக்கம் என்றால், கடையில் கிடைக்கும் பேனா வடிவ டிடிஎஸ் மீட்டரைத் தண்ணீரில் நனைத்தால் போதும். அதற்கு லேசரும் வேண்டாம், சிப்பும் வேண்டாம். ஆனால் அந்தப் பேனா மின்சாரத்தைக் கடத்தும் அயனிகளை மட்டுமே காணும். ஒளிச் சிப்போ தண்ணீரின் ஒளிவிலகல் எண்ணை, அதாவது அதற்குள் ஒளி எந்த அளவுக்கு வேகம் குறைகிறது என்பதைக் காண்கிறது. ஆகவே மின்சாரம் கடத்தாத சர்க்கரையும், ஆல்கஹாலும், பின்னாளில் அதன் மேற்பரப்பில் பூசப்படும் வேதிப் பசையில் வந்து ஒட்டும் மூலக்கூறுகளும் அதற்குத் தெரியும். உப்பு எங்களுக்கு ஒரு பயிற்சிப் பொருள். எடைபோட்டுக் கரைக்கலாம், பேனாவை வைத்துச் சரிபார்க்கலாம், விலையோ மளிகைக் கடை விலை.

சிப்பின் அடிப்படை எளிது. 220 நானோமீட்டர் தடிப்பும் 450 முதல் 500 நானோமீட்டர் அகலமும் கொண்ட சிலிக்கான் கம்பி ஒன்று, 2 மைக்ரான் தடிப்புள்ள கண்ணாடிப் படுகையின் மேல் கிடக்கிறது. இதை அலைவழி என்று எழுதுகிறேன். ஆய்வகத்தில் எல்லோரும் வேவ்கைடு என்றுதான் சொல்வார்கள். சிலிக்கானின் ஒளிவிலகல் எண் 3.48, கண்ணாடியினுடையது 1.44. இவ்வளவு பெரிய வேறுபாடு இருப்பதால்தான் 1550 நானோமீட்டர் ஒளி அந்த மெல்லிய கம்பிக்குள் அடங்கி, 5 மைக்ரான் ஆர வளைவிலும் சிந்தாமல் திரும்புகிறது. அப்படி அடங்கிய ஒளியிலும் ஒரு பகுதி கம்பியின் சுவருக்கு வெளியே சில நூறு நானோமீட்டர் தொலைவுக்குக் கசிந்து நிற்கும். மேலிருக்கும் கண்ணாடி மூடியைச் சுரண்டி ஒரு சன்னல் திறந்துவிட்டால், கசிந்து நிற்கும் ஒளி தண்ணீரைத் தொடுகிறது. தண்ணீரின் ஒளிவிலகல் எண் மாறினால் கம்பிக்குள் போகும் ஒளியின் வேகமும் சிறிது மாறுகிறது.

எவ்வளவு மாறுகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஒரு கிலோ தண்ணீரில் 35 கிராம் உப்பு இருக்கும் கடல் நீருக்கும் நல்ல தண்ணீருக்கும் இடையே ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 0.0064 வேறுபடும், அதாவது கிராமுக்கு 0.00018. இத்தகைய அலைவழியை வட்டமாக வளைத்துச் செய்யும் சிலிக்கான் வளையத்தின் உணர்திறனை, பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகக் குழு 2007-இல், ஒளிவிலகல் எண்ணில் ஒரு முழு அலகு மாற்றத்துக்கு 70 நானோமீட்டர் என்று வெளியிட்டது. பெருக்கிப் பார்த்தால் ஒரு கிராம் உப்புக்கு ஒத்ததிர்வு அலைநீளம், அதாவது வளையத்துக்குள் பொருந்திச் சுழலும் ஒளியின் அலைநீளம், ஏறத்தாழ 13 பிக்கோமீட்டர் நகரும். நல்ல தண்ணீரிலிருந்து கடல் நீர் வரைக்கும் மொத்தமாக 0.45 நானோமீட்டர்.

இப்போது மற்றொரு எண்ணை இதன் அருகில் வைக்க வேண்டும். சிலிக்கானின் ஒளிவிலகல் எண் ஒரு டிகிரி வெப்பத்துக்கு 0.00018 கூடுகிறது. உப்புக்குச் சொன்ன அதே எண் இங்கும் வந்து நிற்பது தற்செயல்தான், ஆனால் வஞ்சகமான தற்செயல். ஏனென்றால் உப்பு தொடுவது கசிந்து நிற்கும் ஒளியை மட்டும். வெப்பம் தொடுவதோ கம்பிக்குள் ஓடும் மொத்த ஒளியையும். இதனால் ஒரு டிகிரிக்கு ஒத்ததிர்வு 70 முதல் 80 பிக்கோமீட்டர் வரை நகர்கிறது. ஒரு டிகிரி வெப்பம், ஆறு கிராம் உப்புபோல வேடமிட்டு வந்து நிற்கும். காலையில் 27 டிகிரியில் இருக்கும் எங்கள் அறை, மே மாதப் பிற்பகலில் 37-ஐத் தொடும். அந்தப் பத்து டிகிரி நகர்த்தும் 0.75 நானோமீட்டர், கடல் நீரின் மொத்த உப்பு நகர்த்துவதைவிட அதிகம். ஆகவே எங்கள் ஒப்பீடு, எந்த உறுப்பு உப்பை அதிகமாக உணர்கிறது என்ற கேள்வியிலிருந்து தொடங்கவில்லை. எந்த உறுப்பு வெப்பத்தை உப்பிலிருந்து பிரித்துக் காட்டும் என்பதே கேள்வி.

இரண்டு போட்டியாளர்கள்

ஒருவர் வளையம். நேராக ஓடும் அலைவழியின் அருகில், 200 நானோமீட்டர் இடைவெளி விட்டு, ஒரு வட்ட அலைவழி. வளையத்தின் சுற்றளவுக்குள் முழு எண்ணிக்கையில் பொருந்தும் அலைநீளங்கள் மட்டும் அதற்குள் இறங்கிச் சுழன்று தீர்ந்துபோகும். வெளியே வரும் ஒளியில் அந்த அலைநீளங்களில் பள்ளம் விழும். உப்பு கூடினால் பள்ளம் நீண்ட அலைநீளத்தின் பக்கம் நகரும். பள்ளம் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதுதான் அளவீடு.

மற்றவர் மாக்–செண்டர் குறுக்கீட்டுமானி. ஒளியை இரண்டாகப் பிரித்து, ஒரு கையைத் தண்ணீரில் நனைத்து, மற்றொரு கையை மூடியே வைத்து, கடைசியில் இரண்டையும் சேர்ப்பது. நனைந்த கையில் ஒளி எவ்வளவு பின்தங்கியது என்பது, சேரும் இடத்தில் ஒளியின் கூடுதலாகவும் குறைவாகவும் தெரியும். காகிதத்தில் இதுவே அழகான விடை. இரண்டு கைகளும் சிலிக்கான்; 50 மைக்ரான் இடைவெளியில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன; அடியில் இருக்கும் சிலிக்கான் கட்டை வெப்பத்தை நன்றாகக் கடத்துவதால் இரண்டின் வெப்பநிலையும் ஒன்றாகவே ஏறி இறங்கும். வெப்பத்தின் விளைவு ஒளி சேரும் இடத்திலேயே பெரும்பாலும் தள்ளுபடியாகிவிடும். அலைநீளத்தை மாற்றிமாற்றிப் பார்க்கும் விலையுயர்ந்த லேசர் வேண்டாம். ஒரே அலைநீளத்தில் நிற்கும் சாதாரணத் தொலைத்தொடர்பு லேசரும் ஒளியுணரிகளும் போதும். மாணவர் ஐவரில் நால்வர் முதலில் இதற்கே வாக்களித்தார்கள், நானும் அவர்கள் பக்கம்தான் இருந்தேன்.

குறுக்கீட்டுமானியின் சிக்கல்கள் கணக்குப் போடும்போதுதான் எழுந்தன. நனையும் கை 2 மில்லிமீட்டர் நீளமானால் ஒரு கிராம் உப்புக்குக் கட்டம், அதாவது ஒரு கையின் ஒளியலை மற்றதற்குப் பின்தங்கும் அளவு, 16 பாகை நகரும் (ஒரு முழு அலை என்பது 360 பாகை, ஒரு சுற்று). 35 கிராமுக்கு ஒன்றரைச் சுற்று. ஒரு சுற்றுக்கு மேல் போனால், வெளியே வரும் ஒளியின் அளவைப் பார்த்து இது 5 கிராமா, 28 கிராமா என்று சொல்ல முடியாது. தொடக்கத்திலிருந்து எண்ணிக்கொண்டே வர வேண்டும். நடுவில் மின்சாரம் போய்த் திரும்பினால் எண்ணிக்கையும் போயிற்று. எங்கள் பகுதியில் மின்தடையைக் கணக்கில் எடுக்காமல் எந்தக் கருவியையும் வடிவமைக்க முடியாது என்பதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியிருக்கலாம். கையை 1 மில்லிமீட்டராகக் குறுக்கினால் மொத்தமும் முக்கால் சுற்றுக்குள் அடங்கும். ஆனால் ஒரே ஒரு வெளிவாயில் இருந்தால் அரைச் சுற்றுக்குள்ளேயே குழப்பம் வந்துவிடும். ஏறும் சரிவும் இறங்கும் சரிவும் ஒரே அளவு ஒளியைத்தான் காட்டும். அதைத் தீர்க்க, ஒன்றுக்கொன்று 120 பாகை தள்ளி மூன்று வெளிவாயில்களைத் தரும் பிரிப்பானை வைக்க வேண்டும். அது இருக்கிறது, வேலையும் செய்கிறது. ஆனால் மூன்று ஃபைபர், மூன்று ஒளியுணரி, மூன்றுக்கும் தனித்தனி அளவுதிருத்தம்.

கைகளின் கட்டத்தைச் சரியான இடத்தில் நிறுத்த ஒரு கைமேல் சிறு ஹீட்டர் வைக்கலாம் என்று ஒரு மாணவர் சொன்னார். தொலைத்தொடர்புச் சிப்புகளில் அது வழக்கம்தான். இங்கே அந்த ஹீட்டர் பக்கத்திலிருக்கும் தண்ணீரையும் சூடாக்கும். தள்ளுபடி செய்ய நினைத்த எதிரியை நாமே கூப்பிட்டுத் திண்ணையில் உட்கார வைப்பதுபோல.

இவற்றைவிடப் பெரிய குறை வேறொன்று. தண்ணீரின் ஒளிவிலகல் எண்ணும் ஒரு டிகிரிக்கு 0.0001 அளவுக்குக் குறைகிறது. அது அரைக் கிராம் உப்பு குறைந்ததுபோலத் தெரியும். சிலிக்கானின் வெப்பத்தைக் குறுக்கீட்டுமானி தள்ளுபடி செய்தாலும், தண்ணீரின் வெப்பத்தை அது தள்ளுபடி செய்யாது. அந்த நேரத்தில் தண்ணீரின் வெப்பநிலை என்ன என்பதையும் அது சொல்லாது. அதற்கென்று வெளியே ஒரு வெப்பமானியை ஒட்ட வேண்டும். சிப்பின் மேல் நிற்கும் ஒரு சொட்டுத் தண்ணீரின் வெப்பநிலையை வெளியிலிருந்து அளப்பது சொல்லும் அளவுக்கு எளிதல்ல.

வளையத்தில் தள்ளுபடி தானாக நடக்காது. ஆனால் இரண்டு வளையம் வைக்கலாம்: ஒன்றின் மேல் சன்னல் திறந்திருக்கும், மற்றொன்று கண்ணாடிக்குள் மூடியே இருக்கும். மூடிய வளையத்துக்கு உப்பே தெரியாது. அது நகர்ந்தால் காரணம் வெப்பம் மட்டும்தான். ஆகவே அது சிப்புக்குள்ளேயே, தண்ணீருக்குச் சில பத்து மைக்ரான் தொலைவில் உட்கார்ந்திருக்கும் வெப்பமானி. ஒரு டிகிரிக்கு 75 பிக்கோமீட்டர் என்ற, நாங்கள் அஞ்சிய அதே எண், இங்கே உதவிக்கு வருகிறது. டிகிரியில் இருபதில் ஒரு பங்கை அதனால் படிக்க முடியும். குறுக்கீட்டுமானி வெப்பத்தை ஒளியிலேயே கழித்து, கழித்த தொகையை மறைத்துவிடுகிறது. இரட்டை வளையம் இரண்டு எண்ணையும் கையில் கொடுத்து, கழிப்பதை நம்மிடம் விடுகிறது. நான் கட்சி மாறியது இந்த இடத்தில்தான். நோய் கண்டறியும் சிப்புகளை வளைய வரிசைகளாகச் செய்யும் அமெரிக்க நிறுவனமான ஜெனலைட்டும் சில வளையங்களை மூடி வைத்து இதே வேலைக்குப் பயன்படுத்துகிறது என்பதைப் பின்னர் படித்தபோது, புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை என்ற நிம்மதியும் வந்தது.

இரண்டு வளையமும் ஒரே அளவில் நகரும் என்று நினைத்துவிடக் கூடாது. திறந்த வளையத்தின் மேல் தண்ணீர், மூடியதன் மேல் கண்ணாடி. சூடானால் தண்ணீரின் எண் குறைகிறது, கண்ணாடியினுடையது மிகச் சிறிதளவு கூடுகிறது. திறந்த வளையம் டிகிரிக்கு ஏறத்தாழ 7 பிக்கோமீட்டர் குறைவாக நகரும் என்பது எங்கள் கணக்கு. வாலை வடிநீரை விட்டு, நாலைந்து வெப்பநிலைகளில் இரண்டையும் அளந்து, ஒரு விகிதத்தைப் பிடித்து வைத்துக்கொண்டால் போதும்.

வளையம் எவ்வளவு பெரிது?

இதில் எங்களுக்கு ஒரு பழைய காயம் இருக்கிறது. முந்தைய சிப்பில் ஆய்வுக்கட்டுரைகளைப் பார்த்து 5 மைக்ரான் ஆரத்தில் வளையம் வரைந்தோம். சிறியது, அழகானது, அடுத்தடுத்த பள்ளங்களுக்கு இடையே 18 நானோமீட்டர் தொலைவு. எங்களிடம் இருந்த லேசரோ, டிஎஃப்பி எனப்படும் தொலைத்தொடர்பு வகை. அதன் உள்ளிருக்கும் குளிரூட்டியை 15 டிகிரியிலிருந்து 35 வரை ஏற்றினால், டிகிரிக்கு 0.1 நானோமீட்டர் வீதம் மொத்தமாக 2 நானோமீட்டர்தான் நகரும். 18-க்குள் எங்கோ ஓரிடத்தில் இருக்கும் பள்ளத்தை 2 நானோமீட்டர் சன்னல் வழியே தேடுவது ஒன்பதில் ஒரு வாய்ப்பு. பள்ளம் எங்கே விழும் என்பதை முன்கூட்டிச் சொல்லவும் வழியில்லை. அலைவழியின் அகலம் ஒரு நானோமீட்டர் பிசகினால் பள்ளம் ஏறத்தாழ ஒரு நானோமீட்டர் தள்ளிப்போகும், தடிப்பு பிசகினால் அதைவிடக் கூடுதலாக. எந்த ஆலையும் தட்டு முழுவதும் ஒரு நானோமீட்டருக்குள் நிறுத்தித் தரும் என்று எதிர்பார்க்க முடியாது. மூன்று மாதம் காத்திருந்து வாங்கிய சிப்பில் நாங்கள் கண்டது பள்ளமே இல்லாத ஒரு நேர்க்கோடு.

அலைநீளத்தைப் பல பத்து நானோமீட்டர் நகர்த்தும் ஆய்வக லேசர் வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை. அதன் விலை பல லட்சம். அதற்குப் பதில் வளையத்தைப் பெரிதாக்கலாம். ஆரம் 60 மைக்ரான் என்றால் பள்ளங்களுக்கு இடையே 1.5 நானோமீட்டர்தான் தொலைவு. 2 நானோமீட்டர் நகரும் லேசருக்கு எந்தச் சிப்பிலும் குறைந்தது ஒரு பள்ளமாவது கட்டாயம் சிக்கும். கடல் நீர் வரைக்கும் உள்ள மொத்த நகர்வு அந்த இடைவெளிக்குள் அடங்குவதால், எந்தப் பள்ளம் எது என்ற குழப்பமும் வராது. வளையம் சிறிதாக இருக்க இருக்க நல்லது என்பது ஒரு சிப்பில் ஆயிரம் வளையங்களை அடுக்குபவர்களின் நியாயம். எங்களுக்கு வேண்டியது இரண்டே இரண்டு.

தண்ணீர் ஒளியை உறிஞ்சுவதும், சுவர்ச் சொரசொரப்பும், இணைப்பின் அளவும் (நேர் அலைவழியிலிருந்து வளையத்துக்குள் இறங்கும் ஒளியின் பங்கு) சேர்ந்து ஒத்ததிர்வின் தரக் காரணியை, அதாவது பள்ளத்தின் கூர்மையைச் சொல்லும் எண்ணை, 20,000 அளவில் நிறுத்தும் என்று வைத்தால், பள்ளத்தின் அகலம் 78 பிக்கோமீட்டர். அதன் மையத்தை அகலத்தில் முப்பதில் ஒரு பங்குக்குப் பிடிக்க முடிந்தால் கால் கிராம் உப்புக்கு அருகில் வரலாம். போர் தண்ணீரில் கடல் நீர் ஏறியிருக்கிறதா என்று பார்க்க இது போதும். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரில் கடல் நீர் ஊடுருவிய கதை இங்கே எல்லோருக்கும் தெரிந்ததே; பின்னர் 2010-இல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல் நீரை நன்னீராக்கும் ஆலை காட்டுப்பள்ளியில் வந்தது.

வரைபடத்தில் ஒரு திருத்தம் மட்டும் செய்தோம். வளையமும் நேர் அலைவழியும் நெருங்கும் 200 நானோமீட்டர் சந்தில் தண்ணீரும் சாம்பல் துகளும் புகுந்தால், உப்போடு சேர்ந்து இணைப்பின் அளவும் மாறும். ஆகவே சன்னலை வளையத்தின் முக்கால் பங்குக்கு மட்டும் திறந்து, அந்தச் சந்தினைக் கண்ணாடிக்குள் விட்டுவிட்டோம். கிராமுக்கு 13 என்பது 10 பிக்கோமீட்டராகக் குறையும். கால் கிராம் மூன்றில் ஒரு கிராமாகும். நிலைத்தன்மைக்காகக் கொடுக்கும் விலை என்று எடுத்துக்கொண்டோம்.

ஃபைபரும் கன்டெய்னர் லாரியும்

சாதாரண ஃபைபருக்குள் ஒளிப்புள்ளியின் விட்டம் 10 மைக்ரான். அலைவழிக்குள் அரை மைக்ரான். இரண்டையும் இணைக்க இரண்டு வழி. சிப்பின் மேற்பரப்பில், 630 நானோமீட்டருக்கு ஒன்றாக 70 நானோமீட்டர் ஆழக் கோடுகளைச் செதுக்கி, மேலிருந்து பத்துப் பாகை சாய்வில் வரும் ஒளியைப் பிடிப்பது கிரேட்டிங். சிப்பின் விளிம்பில் அலைவழியை 150 நானோமீட்டர் வரை கூராகச் சீவி, ஒளியைப் பரவவிட்டு, பக்கவாட்டில் லென்ஸ் முனை ஃபைபரால் பிடிப்பது விளிம்பு இணைப்பு. எண்களை மட்டும் பார்த்தால் விளிம்பு வெல்லும்: இழப்பு ஒரு பக்கத்துக்கு 1.5 டெசிபெல் அளவில் நிறுத்தலாம், அகன்ற அலைநீளப் பரப்பில் வேலை செய்யும். எளிய கிரேட்டிங் ஒரு பக்கத்துக்கு 5 டெசிபெல் தின்றுவிடும். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு பக்கமும் சேர்ந்தால் 10 டெசிபெல்; உள்ளே விட்ட ஒளியில் பத்தில் ஒரு பங்குதான் வெளியே வரும். எங்களுக்கு இன்னொரு கவர்ச்சியும் இருந்தது. விளிம்பு வழியே ஃபைபர் வந்தால் சிப்பின் மேற்புறம் முழுவதும் தண்ணீருக்கு விடலாம்.

ஆனால் எங்கள் அறைக்கு வெளியே இரவும் பகலும் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் ஓடுகின்றன. மேசையில் வைத்த தேநீரில் வட்டம் எழுவதைப் பார்க்கலாம். லென்ஸ் முனை ஃபைபரின் புள்ளி 3 மைக்ரான். அது ஒரு மைக்ரான் விலகினால் ஏறத்தாழ 1.9 டெசிபெல் போய்விடும். கிரேட்டிங்கின் மேல் நிற்கும் 10 மைக்ரான் புள்ளி அதே ஒரு மைக்ரான் விலகினால் இழப்பு 0.2 டெசிபெல்கூட இல்லை. காற்று மெத்தை வைத்த மேசை வாங்கப் பணமில்லாதவர்களுக்கு இந்த ஒரு வரியே முடிவைச் சொல்லிவிடும். விளிம்பை வெட்டி மெருகேற்றும் வேலையும் மிச்சம். பத்தில் ஒரு பங்கு ஒளி வந்தால் போதுமா என்றால், ஒரு மில்லிவாட் உள்ளே விட்டால் நூறு மைக்ரோவாட் வெளியே வருகிறது. சாதாரண ஒளியுணரிக்கு அது தாராளம்.

அதிர்வு வளையத்தையும் குறுக்கீட்டுமானியையும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை என்பதையும் இங்கே சேர்க்க வேண்டும். லாரி போகும்போது ஒளி கூடிக் குறைந்தாலும் பள்ளம் இருந்த இடத்திலேயே இருக்கும். ஒளியின் அளவையே கட்டமாகப் படிக்கும் குறுக்கீட்டுமானிக்கோ அந்த நடுக்கமே உப்பாகிவிடும். மூன்று வாயில்களின் கூட்டுத்தொகையால் வகுத்து ஓரளவு சமாளிக்கலாம், முழுமையாக அல்ல.

கிரேட்டிங் செய்யும் குறும்பு ஒன்று உண்டு. அது கொஞ்சம் ஒளியைத் திருப்பி அனுப்பும். 5 மில்லிமீட்டர் நீள அலைவழியால் இணைந்த இரண்டு கிரேட்டிங்குகளுக்கு இடையே ஒளி முன்னும் பின்னும் போய், 57 பிக்கோமீட்டருக்கு ஒன்றாகச் சிற்றலைகளை எழுப்பும். 78 பிக்கோமீட்டர் பள்ளத்தின் மேல் 57 பிக்கோமீட்டர் சிற்றலை ஏறினால் மையம் எது என்று கண் ஏமாறும். சிற்றலையையும் சேர்த்தே வளைகோடு பொருத்த வேண்டும். தண்ணீரும் ஃபைபரும் மேலிருந்தே வருவதால் இடநெருக்கடியும் உண்டு. அதற்காகக் கிரேட்டிங்குகளை எல்லாம் சிப்பின் ஒரு பக்கத்திலும், சன்னலை மறு பக்கத்திலும் தள்ளி வைத்திருக்கிறோம்.

நைட்ரைடை ஏன் விட்டோம்

சிலிக்கான் நைட்ரைடில் செய்திருந்தால் என்ன என்று எவரும் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதன் ஒளிவிலகல் எண்ணின் வெப்ப மாற்றம் சிலிக்கானில் ஏழில் ஒரு பங்கு. 850 நானோமீட்டர் ஒளியும் அதில் போகும். அந்த அலைநீளத்தைத் தண்ணீர் ஏறத்தாழ உறிஞ்சுவதே இல்லை, லேசரும் உணரியும் மலிவு. சிலிக்கானோ 1100 நானோமீட்டருக்குக் கீழே ஒளிபுகாப் பொருள். முகத்துவாரத்திலேயே மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும் கருவி என்றால் நான் யோசிக்காமல் நைட்ரைடுக்குத்தான் போவேன். எங்கள் மேசையில் 1550 நானோமீட்டர் லேசரும், அதற்கான ஃபைபரும் உணரியும் ஏற்கெனவே இருக்கின்றன. மூடிய வளையம் வெப்பத்தைக் கவனித்துக்கொள்கிறது. நகரின் தெற்குப் பக்கம் ஐஐடி மெட்ராஸில் சிலிக்கான் ஒளியியலுக்கென்றே சிறப்பு மையம் இருப்பதால், சந்தேகம் கேட்க ஆள் இருக்கும் தொழில்நுட்பமும் இதுதான். இரண்டாவது சிப்புக்கு வேண்டுமானால் பார்க்கலாம்.

தொலைத்தொடர்பின் மற்றொரு அலைநீளமான 1310 நானோமீட்டரில் தண்ணீர் மிகக் குறைவாகவே உறிஞ்சும் என்பதும் உண்மை. 1550-இல் பல மடங்கு அதிகம். ஆனால் 20,000 என்ற தரக் காரணியை எட்டத் தண்ணீரின் உறிஞ்சல் தடையாக இல்லை. அது மட்டும் வைக்கும் வரம்பு 80,000-க்கு மேல் இருக்கிறது. ஒளியைச் செங்குத்து முனைவாக்கத்தில், அதாவது அதன் மின்புலம் சிப்பின் பரப்புக்குச் செங்குத்தாக அதிரும்படி, ஓட்டினால் உணர்திறன் இரண்டு மூன்று மடங்காகும் என்பதும் தெரியும். வளைவுகளில் சிந்துவதும் கூடும், கிரேட்டிங்கும் வேறு மாதிரி வரைய வேண்டும். இரண்டையும் விட்டோம். ஒளியைப் பிரிக்க, நெருங்கிய இரு அலைவழிகளைவிட அகன்ற பெட்டி வடிவப் பிரிப்பானே ஆலையின் பிசகைத் தாங்கும் என்பதால் அதைப் போட்டோம். இதில் விவாதமே நடக்கவில்லை.

வெப்பநிலையை எங்கே நிறுத்துவது என்பதில் ஊர் குறுக்கிட்டது. வெளிநாட்டு ஆய்வகக் குறிப்புகளில் சிப்பை 20 அல்லது 25 டிகிரியில் வைக்கச் சொல்வார்கள். ஏசி இல்லாத எங்கள் அறையில், கடற்காற்றின் ஈரத்தில், 25 டிகிரிக்குக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் பனித்துளி படியும். உப்பே இல்லாத அந்தத் தண்ணீர் நேரே கிரேட்டிங்கின் மேல் உட்காரும். ஆகவே 34 டிகிரி என்று முடிவு செய்தோம். பாட்டில் தண்ணீரையும் அதே வெப்பத்தில் கால் மணி நேரம் வைத்த பிறகே சிப்பின் மேல் விடுவோம்.

எதுவும் காப்பாற்றாத இடமும் ஒன்று இருக்கிறது. 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு முகத்துவாரத்துக்குள்ளேயே எண்ணெய் வந்தது. எண்ணெயின் ஒளிவிலகல் எண் 1.46-ஐ ஒட்டி இருக்கும். மெல்லிய படலமாகச் சன்னலில் படிந்தாலும், கசிந்து நிற்கும் ஒளி அதைத்தான் முதலில் தொடும். பள்ளம் பல நானோமீட்டர் ஓடி, அடுத்த பள்ளங்களின் இடத்துக்குப் போய்க் கலந்துவிடும். வளையமானாலும் இரட்டைக் கையானாலும் இதற்கு ஒரே மருந்துதான்: பாட்டிலிலேயே வடிகட்டுவது, ஒவ்வொரு அளவீட்டுக்கும் முன்னும் பின்னும் வாலை வடிநீரால் கழுவி, பள்ளம் பழைய இடத்துக்குத் திரும்பியதா என்று பார்ப்பது. திரும்பாவிட்டால் அந்த அளவீட்டை நோட்டிலிருந்து அடித்துவிடுவோம்.

ஆலைக்குப் போகும் வரைபடத்தில் இப்போது மூன்று இரட்டை வளையங்கள் இருக்கின்றன. ஆரம் மூன்றுக்கும் 60 மைக்ரான். சந்தின் அகலம் மட்டும் 180, 200, 220 நானோமீட்டர் என்று மாறும், ஏனென்றால் சன்னல் திறந்த வளையத்தில் தண்ணீர் எவ்வளவு ஒளியைத் தின்னும் என்பது சிப் வந்த பிறகே தெரியும். திறந்ததும் மூடியதும் தனித்தனி வழியில் தனித்தனி உணரிக்குப் போகின்றன. லேசர் ஒருமுறை ஏறி இறங்கும்போது இரண்டு பள்ளமும் ஒன்றாகப் பதிவாவதால், லேசரின் சொந்தத் தடுமாற்றமும் கழிந்துவிடும். மூலையில் மீந்த இடத்தில், மூன்று வாயில் கொண்ட 1 மில்லிமீட்டர் குறுக்கீட்டுமானி ஒன்றையும் மாணவர்கள் வரைந்திருக்கிறார்கள். நான் கட்சி மாறியதை அவர்களில் இருவர் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஒரே பாட்டில் தண்ணீரை இரண்டின் மேலும் விட்டுப் பார்ப்பதாக ஒப்பந்தம்.